‘சீர்கெட்டது’ என்னும் ஒரு சொல்
நகரிய வணிக இடங்களின் மறுசீரமைப்பும் உள்ளாட்சியின் கடமையும்

முன்னுரை

பழந்தமிழர் ஊரமைப்பில் அங்காடிக்கு உரிய இடம் இருந்தது. பகலில் இயங்கிய நாளங்காடியையும் மாலையில் இயங்கிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் நடுவே நாளங்காடி அமைந்திருந்ததைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஊர் என்பது வீடுகளின் தொகுதி மட்டுமன்று. கொடுத்தும் கொண்டும் வாழும் மக்கள் கூடும் இடமும் அதுவே. அங்காடி தழைத்தால் ஊர் தழைக்கும். அங்காடி சாய்ந்தால் ஊரும் வாடும்.

சாய்ந்த அங்காடியை நிமிர்த்துவது யார் பொறுப்பு? கடைக்குரியவரின் பொறுப்பா, ஊராட்சியின் பொறுப்பா? ஊராட்சியின் பொறுப்பு என்றால், பிறருக்கு உரிமையான நிலத்தில் அது எவ்வளவு தூரம் கை வைக்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை காண, அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். அம்மாநிலத்தில் இதற்கெனத் தனிச் சட்டம் உண்டு. அச்சட்டத்தைப் பற்றிய வழக்குகளும் தீர்ப்புகளும் நிறைய உள்ளன. மேலும், அங்கு எழுந்த பூசல்கள் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்லின் பொருளைச் சுற்றியே நடந்தன. சொல்லாராய்ச்சி பயிலும் மாணவர்க்கு இது தனிச்சுவை தரும் செய்தியன்றோ!

நகரியம் என்பது யாது?

நியூ ஜெர்சியில் 564 உள்ளாட்சிகள் உள்ளன. அவை ‘சிட்டி’, ‘டவுன்’, ‘பரோ’, ‘டவுன்ஷிப்’, ‘வில்லேஜ்’ என ஐவகைப்படும். இவற்றுள் ‘டவுன்ஷிப்’ என்பதையே நாம் நகரியம் என வழங்குகிறோம். நம் நாட்டில் நகரியம் என்றவுடன் ஆலைத் தொழிலாளர்க்காக எழுப்பிய குடியிருப்பே நினைவுக்கு வரும். அங்கோ அது மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆட்சிக் குழுவைக் கொண்ட தனி உள்ளாட்சி. எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் அலுவலகம் என்று வரையறுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு. அவ்வரையறைக்கு உதவத் திட்டக் குழு என்னும் அமைப்பும் உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்நகரியங்களில் பெருஞ்சாலைகளை ஒட்டிப் பேரங்காடி வளாகங்களும் அலுவலக வளாகங்களும் எழுந்தன. காலம் மாறியது. பெருநிறுவனங்கள் இடம் பெயர்ந்தன. இணைய வழி வணிகம் வளர்ந்தது. பல வளாகங்களில் வண்டி நிறுத்தும் பரப்பில் புல் முளைத்தது. கடை மூடினால் வாடகை மட்டுமா போகும்? உள்ளாட்சிகளும் பள்ளிகளும் அங்கு நிலவரியைப் பெரிதும் நம்பியிருப்பவை. ஒரு வளாகம் வெறுமையானால் வரிச்சுமை வீட்டுக்காரர் தலையில் விழும். ஆகவே மறுசீரமைப்பு என்பது நகரியத்திற்கு வாழ்வுச் சிக்கலாகும்.

சட்டம் வளர்ந்த வரலாறு

1947-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி தனக்கென இயற்றிக்கொண்ட அரசமைப்புச் சட்டம், சீர்கெட்ட பகுதிகளைத் துப்புரவாக்கி மீண்டும் அமைப்பது பொதுப் பயன்பாடே என்று அறிவித்தது. இதன் பொருள் என்ன? பொதுப் பயன்பாட்டிற்காகத் தனியார் நிலத்தை உரிய விலை தந்து அரசு எடுக்கலாம். சாலை, பள்ளி, நீர்த்தேக்கம் ஆகியவை பொதுப் பயன்பாடு என்பதில் ஐயமில்லை. சீர்கெட்ட பகுதியைச் செப்பனிடுவதையும் அவ்வரிசையில் சேர்த்தது இவ்வரசமைப்பு. ஒருவர் நிலத்தை எடுத்து மற்றொரு தனியாரிடம் கட்டுமானத்திற்குக் கொடுக்கவும் இதனால் வழி பிறந்தது.

1954-இல் தலைநகர் வாசிங்டனைச் சேர்ந்த ஒரு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ‘பெர்மன் எதிர் பார்க்கர்’ என அது வழங்கப்பெறும். அப்பகுதியின் வீடுகளில் நூற்றுக்கு 57.8 வீடுகளுக்குக் கழிப்பறை வெளியிலேயே இருந்தது, 29.3 வீடுகளில் மின்சாரம் இல்லை. ஆயினும் வழக்காடியவரது கடை நல்ல நிலையில் இருந்தது. “என் கடை சீர்கெடவில்லையே, அதை ஏன் எடுக்கிறீர்?” என்பதே அவர் தரப்பின் கேள்வி. பகுதியை முழுமையாகவே நோக்க வேண்டும். கட்டடம் கட்டடமாகப் பிரித்து நோக்க வேண்டியதில்லை என்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு உள்ளாட்சிகளின் கைக்கு வலிமை சேர்த்தது. நல்ல நிலையில் கடை நடத்துபவர் நெஞ்சில் அச்சத்தையும் விதைத்தது.

நியூ ஜெர்சியில் 1949-இலேயே சீர்கெட்ட பகுதிகள் பற்றிய சட்டம் ஒன்று வந்திருந்தது. இதையும் வேறு சில சட்டங்களையும் நீக்கி, 1992-இல் உள்ளாட்சி மறுசீரமைப்பு மற்றும் வீட்டுவசதிச் சட்டம் இயற்றப்பெற்றது. ‘சீர்கெட்ட பகுதி’ என்ற கடுஞ்சொல்லுக்கு மாற்றாக ‘மறுசீரமைப்புத் தேவைப்படும் பகுதி’ என்னும் மென்சொல்லை இச்சட்டம் கையாண்டது. சொல் மென்மையாயிற்று, அதன் பின்னிருந்த அதிகாரம் மென்மையாகவில்லை.

சட்டம் காட்டும் நடைமுறை

இச்சட்டப்படி நகரியம் நினைத்தவுடன் ஓர் இடத்தை மறுசீரமைப்புக்கு உரியதென அறிவித்துவிட இயலாது. அது நான்கு படிகளைக் கடக்க வேண்டும்.

முதற்படி: ஆட்சிக் குழு தீர்மானம் நிறைவேற்றி, குறிப்பிட்ட இடத்தை ஆராயுமாறு திட்டக் குழுவைப் பணிக்க வேண்டும்.

இரண்டாம் படி: திட்டக் குழு எல்லை காட்டும் வரைபடம் ஒன்றை ஆய்வின் காரணத்தோடு ஆயத்தம் செய்ய வேண்டும். பின்னர்ப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்திற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். எதிர்ப்பவர் வாய்மொழியாகவோ எழுத்து வடிவிலோ தம் கருத்தைக் கூறலாம்.

மூன்றாம் படி: திட்டக் குழுவின் பரிந்துரையைப் பெற்று ஆட்சிக் குழு முடிவு செய்ய வேண்டும்.

நான்காம் படி: அவ்விடத்தில் எது வரலாம், எவ்வளவு உயரம் வரலாம், யாரை எங்குக் குடியமர்த்துவது என்பனவற்றை விளக்கும் மறுசீரமைப்புத் திட்டத்தைத் துணைவிதியாக நிறைவேற்ற வேண்டும். கட்டுமானம் மேற்கொள்ளும் நிறுவனத்தை அமர்த்தி ஒப்பந்தம் செய்வது இதன் தொடர்ச்சியாகும்.

ஓர் இடம் இத்தகையது என்று முடிவு செய்ய எட்டு அளவுகோல்களைச் சட்டம் வகுத்துள்ளது. நலக்கேடான அல்லது பாதுகாப்பற்ற கட்டடங்கள், பயன்பாடு நின்றுபோன வணிகக் கட்டடங்கள், 10 ஆண்டுகளாக வெறுமையாய்க் கிடந்து தனியார் முயற்சியால் மட்டும் வளர இயலாத நிலம், தீயாலோ புயலாலோ அழிந்த பரப்பு முதலியன அவற்றுள் அடங்கும். 2019-இல் வந்த திருத்தம் காலத்திற்கேற்ற ஒன்றாகும். பேரங்காடி வளாகங்களும் அலுவலக வளாகங்களும் தொடர்ந்து ஈராண்டுகளுக்குப் பெருமளவில் வெறுமையாய் இருப்பின், அதுவும் ஓர் அளவுகோல் என அத்திருத்தம் சேர்த்தது.

ஒரு சொல்லின் எல்லை

எட்டு அளவுகோல்களில் ஐந்தாவது, நில உரிமையிலுள்ள சிக்கல் முதலிய நிலைமைகளால் முழுப் பயன் தராமல் கிடக்கும் நிலத்தைப் பற்றியது. ‘முழுப் பயன் தராத’ என்னும் தொடரை நன்கு நோக்குக. உலகில் எந்த நிலந்தான் முழுப் பயன் தருகின்றது? இரண்டு மாடிக் கடையை இடித்துப் பத்து மாடி எழுப்பினால் வருவாய் பெருகாதா? அவ்வாறாயின் பத்து மாடி இல்லாத கட்டடம் எல்லாம் சீர்கெட்டவையா?

இக்கேள்வியே பால்ஸ்பரோ என்னும் சிற்றூரில் எழுந்தது. ஆற்றுப்புறத்தில் 63 ஏக்கர் நிலம், பெரும்பகுதி ஈரநிலம். கட்டடமின்றிக் கிடந்த அந்நிலம் முழுப் பயன் தரவில்லை என்று கூறி, மறுசீரமைப்புப் பகுதியில் அதைச் சேர்த்தது உள்ளாட்சி. உரிமையாளர் நீதிமன்றம் சென்றார். 2007-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், ஒரு நிலம் இதைவிடச் சிறப்பாகப் பயன்படக்கூடும் என்பதால் மட்டும் அது சீர்கெட்டது ஆகிவிடாது என்று தீர்ப்பளித்தது. சீர்கேடு என்பது, சுற்றுப்புறத்திற்கும் கேடு செய்யும் சிதைவோ தேக்கமோ இருக்கும் நிலை என அரசமைப்பின் சொல்லுக்கு அது பொருள் கண்டது. மேலும், உள்ளாட்சி தன் முடிவுக்குப் போதிய சான்று காட்ட வேண்டும். சட்டத்தின் சொற்களைத் திருப்பிச் சொல்வது சான்றாகாது என்றும் தெளிவாக்கியது.

இத்தீர்ப்பின் எல்லையையும் அறிதல் வேண்டும். ஹாக்கென்சாக் நகரின் கடைவீதிப் பகுதியில் பழுதுபட்டுப் பலகையடித்து மூடப்பட்ட கட்டடங்களும் பராமரிப்பற்ற வண்டி நிறுத்துமிடங்களும் இருந்தன. அந்நகரம் அவற்றைச் சீர்கெட்டவை என்றது. உரிமையாளர்கள் பால்ஸ்பரோ தீர்ப்பைத் துணைக்கு அழைத்தனர். 2015-இல் அதே உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பால் நகரத்தின் பக்கம் நின்றது. கட்டடங்களின் நேரடிச் சிதைவு சான்றுகளால் தெளிவானால் போதும். பால்ஸ்பரோ வழக்கின் கூடுதல் வரையறை ஐந்தாம் அளவுகோலுக்கே உரியது என்றது.

இரு தீர்ப்புகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். வெறும் ஆசை அளவுகோல் ஆகாது. கண்முன் நிற்கும் சிதைவு அளவுகோல் ஆகும். இவ்விரண்டிற்கும் இடையே நிற்பது சான்று ஒன்றே.

அறிவிப்பின் அருமை

சான்று இருந்தாலும் உரியவருக்குத் தெரியாமல் செய்வது முறையன்று. ஹாரிசன் என்னும் ஊரில் தொழிலிடம் வைத்திருந்த ஒருவர்க்கு, தம் நிலம் மறுசீரமைப்புப் பகுதியில் சேர்ந்ததன் முழு விளைவும் உரிய நேரத்தில் உணர்த்தப்பெறவில்லை. நிலமெடுப்பு வழக்கு வந்த பின்னரே அவர் எதிர்வாதம் செய்ய முற்பட்டார். ‘காலம் கடந்துவிட்டது’ என்றது உள்ளாட்சி. 2008-இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. ‘இவ்வறிவிப்பால் உன் நிலத்தை நாங்கள் எடுக்க முடியும், எதிர்ப்பதாயின் இன்ன காலத்துக்குள் எதிர்த்தல் வேண்டும்’ என்று வெளிப்படையாகச் சொல்லாத உள்ளாட்சி, பின்னர்க் காலக்கெடுவைக் காட்டி வாயை அடைக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2013-இல் சட்டமே திருத்தம் பெற்றது. ஆய்வைத் தொடங்கும் தீர்மானத்திலேயே, நிலமெடுப்பு அதிகாரத்தோடு கூடிய பகுதியா, அவ்வதிகாரம் இல்லாத பகுதியா என்று கூற வேண்டும் என விதிக்கப்பெற்றது. நிலமெடுப்புக்கு இடமுள்ள பகுதியாயின், உரிமையாளர் நீதிமன்றம் செல்ல 45 நாள் உண்டென்பதையும் அறிவிக்க வேண்டும். ஒரு சிறு அறிவிப்புத் தாள் ஒரு குடும்பத்தின் கடையைக் காக்கும் அரணாகும் என்பதை இதனால் உணரலாம்.

ஹோம்டெல் காட்டும் வழி

இனி, முறையாகச் செய்தால் கிட்டும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஹோம்டெல் என்னும் நகரியத்தில் பெல் ஆய்வுக்கூடத்தின் 472 ஏக்கர் வளாகம் இருந்தது. ஈரோ சாரினென் என்னும் கட்டடக்கலைஞர் வரைந்த கண்ணாடிக் கட்டடம் 1962-இல் அங்குத் திறக்கப்பெற்றது. பின்னர் விரிவாகி ஏறத்தாழ 20 இலட்சம் சதுர அடிப் பரப்பாயிற்று. விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கார்ல் ஜான்ஸ்கி 1930-களின் தொடக்கத்தில் கண்டறிந்த நிலமும் அதுவே. ஆயிரக்கணக்கானோர் பணிபுரிந்த அக்கட்டடம் 2007-இல் வெறுமையாயிற்று.

அதற்கு முன்பே, 2006-இல், அதன் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் புதிய கட்டடங்கள் எழுப்பும் எண்ணம் பேசப்பெற்றது. அறிவியலாளரும் கட்டடக்கலை ஆர்வலரும் எதிர்த்தனர். இடிப்பது எளிது; அத்தகைய ஒன்றை மீண்டும் எழுப்புவது அரிது. நகரியம் அவ்வளாகத்தை மறுசீரமைப்புக்கு உரியதென ஏற்று, 2012-இல் திட்டம் வகுத்தது. 2013-இல் ஒரு மேம்பாட்டு நிறுவனம் 2 கோடியே 70 இலட்சம் டாலருக்கு வளாகத்தை வாங்கியது. இன்று அக்கட்டடத்தில் அலுவலகங்களும் கடைகளும் உணவகங்களும் இயங்குகின்றன. ஊர் நூலகமும் அங்கேயே உள்ளது. முன்பு ஊழியர் மட்டும் நடமாடிய நெடிய உட்கூடம், இன்று எவரும் நடந்து செல்லக்கூடிய கூரையுள்ள கடைத்தெருவாகியுள்ளது.

இவ்வெற்றிக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, கட்டடம் வெறுமையானது என்பதில் எவர்க்கும் ஐயமிருக்கவில்லை. இரண்டாவது, விற்பவரும் வாங்குபவரும் உடன்பட்டனர். எவர் கடையும் பறிக்கப்படவில்லை. மூன்றாவது, ஒரே பயன்பாட்டிற்கு மாற்றாகப் பல பயன்பாடுகளுக்குத் திட்டம் இடம் தந்தது.

எல்லா ஊர்க்கும் இந்நற்பேறு வாய்ப்பதில்லை. வூர்ஹீஸ் நகரியத்தில் 1970-இல் திறந்த எக்கலான் பேரங்காடி வளாகம் நாளடைவில் தளர்ந்தது. ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் புதிய வீடுகளும் கடைகளும் எழுந்தன. 2007-இல் பெயரும் மாறியது. நகரியம் தன் அலுவலகத்தையே 2011-இல் அங்கு மாற்றியது. ஆயினும் உள்ளே போன வணிகம் பழையபடி திரும்பவில்லை. திட்டம் கட்டடத்தை எழுப்பலாம். வாடிக்கையாளரை எழுப்ப இயலாது என்பது இதனால் பெறப்படும் பாடம்.

வரியும் வாடகைக் கடையும்

இங்கு இரு செய்திகளைக் கூறாமல் விடுதல் முறையாகாது.

ஒன்று, வரிச் சலுகை. 1991-ஆம் ஆண்டின் நீண்டகால வரிவிலக்குச் சட்டப்படி, மறுசீரமைப்பை மேற்கொள்ளும் நிறுவனம் புதிய கட்டடத்திற்கு வழக்கமான வரிக்கு ஈடாக வேறொரு கட்டணத்தை 30 ஆண்டுகள் வரை செலுத்த ஒப்பந்தம் செய்யலாம். இக்கட்டணத்தில் நூற்றுக்கு 95 பங்கு உள்ளாட்சிக்கும் 5 பங்கு மாவட்ட ஆட்சிக்கும் சேரும். பள்ளிகளுக்குப் பங்கு தர வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கமான வரியிலோ பள்ளிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஊர் பளபளப்பாகிப் பள்ளிக்கூடம் வற்றிப்போனால் அதனை வளர்ச்சி எனலாமா? சலுகை இன்றி யாரும் முன்வராத இடத்தில் சலுகை தகும். எனினும் எவ்வளவு, எத்தனை ஆண்டு என்பதை ஊரார் கணக்கிட்டு அறிதல் வேண்டும்.

மற்றொன்று, வாடகைக் கடைக்காரர் நிலை. அறிவிப்பும் இழப்பீடும் பெரும்பாலும் நில உரிமையாளரை நோக்கியே அமைகின்றன. முப்பது ஆண்டுகளாக ஒரே இடத்தில் முடி திருத்தியவருக்கோ தையற்கடை வைத்தவருக்கோ இடமாற்றச் செலவு கிடைக்கலாம். ‘அந்த முனைக் கடைக்காரர் நல்லவர்’ என்று மக்கள் மனத்தில் பதிந்த நற்பெயருக்கு விலை கிடைப்பது அரிது. மறுசீரமைப்பு முடிந்தபின் வரும் புதிய வாடகையை அவரால் தாங்கவும் இயலாது. உரிமையாளர் மனமுவந்து விற்கும் இடத்திலும் இத்துன்பம் உண்டு. சட்டம் வகுப்போர் இன்னும் கருத வேண்டிய இடம் இதுவே என்பது நம் துணிபு.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். பாழடைந்த வணிக இடத்தை வாழ வைப்பது உள்ளாட்சியின் கடமை. அக்கடமையைச் செய்ய அதிகாரம் வேண்டும். அவ்வதிகாரம் ஒரு சொல்லின் மீது நிற்கின்றது. அச்சொல்லை நெகிழவிட்டால் நல்ல கடையும் பறிபோகும்; அளவுக்கு மீறி இறுக்கினால் பாழ்பட்ட கட்டடம் பாழாகவே நிற்கும். சொல்லின் எல்லையைக் காப்பது சான்றும், வெளிப்படையான அறிவிப்பும், பொதுமக்கள் பேசும் உரிமையுமே.

ஆகவே எந்த ஊரில் இத்தகைய திட்டம் வரினும் ஐந்து வினாக்களைக் கேட்டல் நலம். இடம் சீர்கெட்டது என்பதற்குக் கண்கூடான சான்று யாது? உரியவர் அனைவர்க்கும் உரிய காலத்தில் செய்தி சேர்ந்ததா? இடிக்காமல் காக்க வழியுண்டா? வரியின் நன்மை யாருக்கு, சுமை யாருக்கு? வாடகைக் கடைக்காரர் எங்குச் செல்வார்?

இன்று வகுப்பறையில் சொற்பொருள் ஆராயும் மாணவர் நாளை உள்ளாட்சி மன்றங்களில் அமரலாம், வழக்குரைஞராகலாம், கடைவீதியில் வணிகராகவும் விளங்கலாம். எங்கிருப்பினும், ஒரு சொல்லை அதன் பொருளோடு பயன்படுத்தும் நேர்மை அவர்க்கு வேண்டும். ‘சீர்கெட்டது’ என்று ஒரு கடையின் கதவில் எழுதுவதற்கு முன், அக்கடையின் உள்ளே ஒருமுறை சென்று பார்த்துவருதல் ஆள்வோர்க்கு அழகாகும்.